தட்டு, எறங்கு, இரு, வுடு

அந்த ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், சார். மூன்று சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்கிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்குக் காதுக்குள் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. காலை ஆட்டுகிறேன் என்று ஏட்டையா இரண்டு தடவை முறைத்துவிட்டார். வேண்டுமென்று ஆட்டவில்லை. சின்ன வயதிலிருந்தே என்னால் ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாது. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன்.

என் தொழில் சத்தம் செய்வது. பாட்டு இல்லை, சத்தம். தண்டையார்பேட்டையில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. பழைய கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். அம்மன் பாட்டு, கானா, ரீமிக்ஸ் என்று சி.டி. போடுகிறவர்கள் மெட்டோடு வருவார்கள். அந்த மெட்டு எந்தச் சத்தத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன். எனக்குக் கைவந்தது தந்தியை மீட்டுகிற மாதிரியான சத்தம். கம்ப்யூட்டருக்குள் தந்தியும் கிடையாது, விரலும் கிடையாது. ஒரு துளி இரைச்சலை எடுத்து, மிகச் சின்ன எதிரொலிக்குள் சுற்ற விட வேண்டும். சுற்றச் சுற்ற அது தேய்ந்து, யாரோ தந்தியைச் சுண்டியது போல 'டிங்' என்று அடங்கும். சொன்னால் இவ்வளவுதான். அதை ஒழுங்காக அடங்க வைக்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது.

அந்த ஒன்பது வருடமும் நான் நிம்மதியாக இருந்ததில்லை. பஸ்ஸில் போனால் ஜன்னல் கம்பியைச் சுண்டுவேன். யானைக்கவுனியில் கடை ஷட்டரைத் தட்டிப் பார்த்துச் சேட்டிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நிறுத்தி வைத்த சைக்கிளைக் கண்டால் கை தானாகப் போக்ஸ் கம்பிக்குப் போகும். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்தது. என் அறையில் மட்டும் அது இல்லை.

என்ன இல்லை என்று சொன்னவன் வெற்றி. இரண்டாயிரத்து ஒன்றில், கடலில் மீன்பிடித் தடை போட்ட முதல் வருடம் என்னிடம் வந்தான். காசிமேட்டுக்காரன். விசைப்படகில் வின்ச் ஓட்டுகிறவன். வலையை இழுக்கும் இரும்பு ஒயர் போடுகிற சத்தத்தை வைத்தே வலையில் வருவது மீனா சேறா என்று சொல்லிவிடுவான். கடலுக்குப் போகாத நாற்பத்தைந்து நாளும் எனக்கு ஸ்பீக்கர் தூக்க வந்தான். மூன்றாம் நாள், நான் ரொம்பப் பெருமையாக வைத்திருந்த ஒரு சத்தத்தைக் கேட்டான். கையிலிருந்த ஸ்பீக்கரைக் கீழே வைத்தான்.

"தந்தி கீது மாமு. சதை எங்க கீது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது சரி. தந்தியை மீட்டும்போது முதலில் விரல் நுனியின் சதை அதில் அழுந்தும், பிறகு விலகும். அந்த மெத்தென்ற ஒரு கணம்தான் கேட்கிறவனுக்கு இது மனிதக் கை என்று சொல்கிறது. ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாத குறையை ஸ்பீக்கர் தூக்க வந்தவன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் தலையாட்டாமல் எந்தச் சத்தத்தையும் நான் வெளியே கொடுத்ததில்லை. தடைக் காலம் முடிந்தும் அவன் வந்துகொண்டுதான் இருந்தான். கடலுக்குப் போகிற நாட்களில் நான் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அவன் வந்து உட்கார்ந்தால்தான் நானும் உட்காருவேன்.

கீபோர்டில் நான்கு குமிழ்கள் இருக்கும், சார். சத்தம் எப்படித் தொடங்க வேண்டும், எப்படி இறங்க வேண்டும், விரலை எடுக்காமல் வைத்திருந்தால் எவ்வளவு நிற்க வேண்டும், எடுத்ததும் எப்படிப் போக வேண்டும் என்று நான்கு. ஆங்கிலத்தில் இருந்தது அவனுக்குச் சரிப்படவில்லை. வெள்ளை டேப்பை ஒட்டி அவனே பேனாவில் எழுதினான்: தட்டு, எறங்கு, இரு, வுடு. மீட்டுகிற சத்தத்துக்கு 'இரு' எப்போதும் பூஜ்யம்தான். தட்டினால் இறங்கிப் போய்விட வேண்டும், நிற்கக் கூடாது. அந்தக் குமிழ் எங்களுக்கு வேலைக்கு ஆகாது என்று சிரிப்பான்.

கம்ப்யூட்டரில் எவ்வளவு முயன்றும் அந்தச் சதை வரவில்லை. நிஜத் தந்தி ஒன்றைப் பதிவு செய்து அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இந்த வருடம் முடிவு செய்தோம். வீணை, கிட்டார் எல்லாம் எல்லாரிடமும் இருக்கிறது. யாரிடமும் இல்லாத தந்தி வேண்டும். மே மாதம் வெற்றிதான் அந்த யார்டுக்கு அழைத்துப் போனான். தடைக் காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற இடம். சரிவில் ஏற்றிய படகுக்கும் மேலே இருக்கும் வின்சுக்கும் நடுவில் கட்டைவிரல் பருமனில் இரும்பு ஒயர் விறைத்து நின்றது. சுத்தியலால் லேசாகத் தட்டினேன். என் பல் வரைக்கும் அதிர்ந்தது. சார், இவ்வளவு பெரிய தந்தியை யாரும் மீட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சுத்தியலால் தட்டுவது மீட்டுவது ஆகாது. இழுத்து விட வேண்டும். அதனால் ஒயரின் நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி, செயின் பிளாக் கப்பியால் என் பக்கமாக ஒரு முழம் இழுத்து, கயிற்று வளையத்தைத் தரையில் அடித்த இரும்பு முளையில் மாட்டினோம். கடப்பாரையால் நெம்பினால் வளையம் கழலும். ஒயர் எதிர்ப்பக்கம் பாய்ந்து, திரும்பி, அதிர்ந்து அடங்கும். சத்தத்தைப் பிடிக்க ஒயரிலேயே ஒரு சின்னப் பித்தளைத் தகடு ஒட்டியிருந்தோம், தள்ளி ஒரு மைக்கும் இருந்தது. தகட்டை ஒட்டுவது வெற்றியின் வேலை. எதிர்ப்பக்கம் நின்று ஒட்டிவிட்டு, எட்டு அடி நடந்து பலகை அடுக்குக்குப் பின்னால் குந்திக்கொண்டு 'வுடு' என்று குரல் கொடுப்பான். அந்தச் சொல் வந்த பிறகுதான் நான் நெம்ப வேண்டும். இந்த முறையை வைத்ததே நான்தான். நான் கவனமான ஆள், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு நாளில் பதினோரு தடவை எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இரும்பு இரும்பாகத்தான் கீது என்றான்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. யார்டு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒயரை இழுத்து மாட்டியிருந்தோம், ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒயர் பக்கத்தில் நின்றபடியே வெற்றி விஷயத்தைச் சொன்னான். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் எங்கள் சத்தங்களைக் கேட்டிருக்கிறார்கள். சி.டி. அட்டையில் அவன் செல் நம்பர்தான் இருக்கும், என்னிடம் செல் கிடையாது. அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். காது நன்றாக இருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடு என்றார்களாம். கடலுக்கும் இனிமேல் போகப் போவதில்லை, மனைவி பூமாரிக்கு ரொம்ப சந்தோஷம் என்றான். என்னைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன்.

"வுடு மாமு. நான் போயி நின்னுக்கினு, அப்பால உன்னியும் இஸ்துக்கறேன்."

'வுடு' என்றான், நான் நெம்பினேன். அன்றைக்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததும் இதைத்தான். பேச்சுவாக்கில் சொன்ன 'வுடு'வை நான் வேலைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் யாரும் இதை நம்புவார்கள். கயிற்றை விடுவதற்கும் அதே சொல், கவலையை விடுவதற்கும் அதே சொல். சாட்சிக்கு நான் இங்கே கொடுத்த பதிவு சி.டி.யிலும் அப்படித்தான் இருந்தது. 'வுடு மாமு' என்று அவன் குரல், உடனே ஒயர்.

வெற்றிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பூமாரி என் அறைக்கு வந்தாள். மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பாத ஞாயிறு கிடையாது. அவன் குரல் எதிலாவது இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, "கடசியா இன்னாண்ணே சொன்னாரு?" என்றாள். நான் அந்த 'வுடு மாமு'வை மட்டும் ஒரு கேசட்டில் போட்டுக் கொடுத்தேன். எல்லாத்தையும் விட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று அழுதாள். அவள் அண்ணன் என்மேல் கேஸ் போட வேண்டும் என்று குதித்தபோது அவள்தான் தடுத்தாள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த ஊர்க்காரர் வேறு யாராவது இந்த நாற்காலியில் இருந்திருந்தால் இந்நேரம் ஃபைல் மூடியிருக்கும். நீங்கள் சங்கரன்கோவில் பக்கம், இங்கே வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று ஏட்டையா சொன்னார். அதனால்தான் ஃபேக்டரி சங்கு உங்கள் காதில் விழுகிறது. எங்களுக்கு விழாது. பிறந்த நாளிலிருந்து மூன்று வேளையும் ஊதுகிற ஒன்றை யார் கேட்பார்கள்? கேஸை மூடும் முன் அந்த சி.டி.யை ஒரு தடவை கேட்கலாம் என்று நேற்று ஹெட்போனை மாட்டினீர்கள். கழற்றிவிட்டு என்னிடம் கேட்டீர்கள்.

"சங்கு எப்பவும் மெதுவா ஏறித்தானவே வரும். இதுல என்ன, எடுத்த எடுப்புல உச்சியில நிக்கி?"

சார், நான் வெட்டின இடத்தை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சரி செய்தேன். காற்றுச் சத்தத்தைக் கோத்தேன். காக்கா கத்துவதைக்கூட ஒழுங்காக ஒட்டினேன். சங்கு எனக்குக் கேட்கவே இல்லை. அது ஏறி வருகிற பகுதியை வெட்டி எறிந்திருக்கிறேன். மெதுவாக எழுகிற சத்தத்தின் முன்பாதியை வெட்டினால் அது தட்டின சத்தமாகிவிடும். தினமும் நான் செய்கிற வேலைதான். இப்படிப்பட்ட தப்பை என் தொழிலில் நான் செய்ததே இல்லை, வெட்கமாக இருக்கிறது.

வெட்டியது பதினான்கு விநாடி. அதில் என்ன இருக்கிறது என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள்.

'உன்னியும் இஸ்துக்கறேன்' என்று முடித்தான். அப்போது தகடு ஒயரிலிருந்து கழன்று தொங்கியது. அதை ஒட்ட வைக்கக் குனிந்தான். ஒயருக்கும் அவன் மார்புக்கும் ஒரு சாண்கூட இல்லை. சங்கு ஏற ஆரம்பித்தது. நான் கடப்பாரையை எடுத்தேன். அது முளையில் உரசியது. அவன் காதுக்குத் தப்புமா? தலையைத் தூக்காமலே, "இரு மாமு" என்றான்.

அவ்வளவுதான் பதினான்கு விநாடி.

கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு சத்தத்தில் சதை இருக்கிறதா இல்லையா என்று எனக்கு யார் சொல்வார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் இல்லாமல் எனக்கு எதுவும் கேட்காது. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

ஒயர் அதிர்ந்து அடங்க ஒன்பது விநாடி ஆனது. அதுவரை நான் அசையவில்லை. ரெக்கார்டர் ஓடும்போது யாரும் அசையக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதன் பிறகு ஓடினேன், ஆட்களைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வரை ஆட்டோவில் என் மடியில்தான் கிடந்தான்.

அந்தப் பதிவைக் கேட்டுப் பார்த்தேன். இரும்பின் அதிர்வுக்கு முன்னால், மிக லேசாக, மெத்தென்று ஒன்று இருக்கிறது. நான்கு வருடமாக அவன் கேட்ட சதை. அதைக் கீபோர்டில் ஏற்றி, தட்டு, எறங்கு எல்லாம் சரி பார்த்து வைத்தேன். 'இரு' வழக்கம்போல பூஜ்யம். இந்த ஆடிக்கு வந்திருக்கிற அம்மன் சி.டி. ஒன்றில் ஏழு இடத்தில் வருகிறது. இன்று காலை எதிர் டீக்கடையில் ஓடியது. ஏட்டையா பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அசல் டிஸ்க் உங்கள் மேஜையில் இருக்கிறது. எதையும் அழிக்கவில்லை. தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சங்கு ஏறும், அவன் பேசுவான், அந்த நேரம் மட்டும் என் கால் ஆடாமல் நிற்கும். அவன் நிறுத்தச் சொன்னான் என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது, கேட்ட பிறகுதான் நெம்பினேன் என்றும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று, சார். கோர்ட்டில் அதைப் போட்டுக் காட்டும்போது பூமாரியை வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவளுக்கு 'வுடு'வைக் கொடுத்தாயிற்று. 'இரு' என்று அவன் என்னிடம்தான் சொன்னான்.