மதிலுக்கு மேலே ஒரு கமரா

சோமசேகரம்: ...இல்லைத் தம்பி, நான் சண்டைக்கு வரேல்லை. கேட்கத்தான் வந்தனான். கமராவைப் பூட்டுறது பக்கத்து வீட்டு மதில்ல. அது பார்க்கிறது என்ர வீட்டு வளவை. இது எந்த ஊர் நியாயம்?

இஹ்ஸான்: ஐயா, ஏணியை விட்டுட்டுக் கதைங்க. ஆடுது.

சோமசேகரம்: ஏணி ஆடேல்லை. என்ர கைதான் ஆடுது. எழுபத்திமூண்டு வயசுக்கு அது நல்லா ஆடும். நீர் விஷயத்தைச் சொல்லும்.

இஹ்ஸான்: நான் கிண்ணியாவில இருந்து கமரா பூட்ட வந்தவன் ஐயா. இந்த வீட்டுக்காரி பரீதா ராத்தா காட்டின இடத்தில பூட்டுறன். ரோட்டுப் பக்கம் ஒண்டு பூட்டியாச்சு. இது ரெண்டாவது.

சோமசேகரம்: கள்ளன் என்ர வளவாலயோ வாறவன்?

இஹ்ஸான்: அதை நானும் கேட்டனான். "மதிலுக்கு அங்கால சேகரம் அண்ணன்ட வீடு, அங்க பார்க்கட்டும்" எண்டாங்க. அதுக்கு மேல நான் கேக்கல்ல.

சோமசேகரம்: பார்க்கட்டுமாமோ. துறைமுகப் பக்கம் திருப்பிவிடும். அங்க பார்க்கிறதுக்குக் கப்பலாவது இருக்கு.

இஹ்ஸான்: அங்கால திருப்ப ஏலாது ஐயா. நேவி முகாம்ட வேலி படத்தில விழும்.

சோமசேகரம்: அப்ப இந்த ஊரில பார்க்க அனுமதி உள்ளது நான் ஒருத்தன்தான். தங்கச்சி... பரீதா... கொஞ்சம் வெளியில வாங்கோ.

பரீதா: இங்கதான் நிக்கிறன். தெரு முழுக்கக் கேக்குது உங்கட கதை. இழுவைப் படகில வேலை செஞ்ச ஆக்கள் மெதுவாக் கதைக்கமாட்டாங்களா?

சோமசேகரம்: முப்பது வருஷம் எஞ்சினுக்குப் பக்கத்தில கத்தின தொண்டை. அதை விடுங்கோ. எனக்கு விளங்கியிட்டுது. இது மான் வழக்கு.

பரீதா: என்ன வழக்கு?

சோமசேகரம்: மான். கோட்டைப் பக்கத்தால வாற மானுகளுக்கு நான் படலையைத் திறந்துவிட்டு வாழைப்பழத் தோல் போடுறனாம். அதுகள் இங்கால வந்து உங்கட செவ்வரத்தம் பூச்செடியை மொட்டையாக்குதுகளாம். போன மாசம் பேசினியள். நான் இல்லவே இல்லையெண்டு சத்தியம் பண்ணினன். இப்ப சாட்சிக்குக் கமரா.

பரீதா: ஓம்... அப்பிடியே வச்சுக்கொள்ளுங்க.

இஹ்ஸான்: மானுக்கா ராத்தா? மானுக்கெண்டா கம்பி வலையே போதுமே...

பரீதா: நீங்க வேலையைப் பாருங்க இஹ்ஸான்.

சோமசேகரம்: சரி, ஒப்புக்கொள்ளுறன். தோல் போடுறது நான்தான். சில நேரம் முழுப் பழமே போடுறனான். வழக்கு முடிஞ்சுது. கழட்டச் சொல்லுங்கோ.

பரீதா: கழட்ட ஏலாது.

சோமசேகரம்: ஏன்?

பரீதா: பூட்டியாச்சு.

இஹ்ஸான்: கழட்டலாம் ராத்தா. ரெண்டு திருகாணிதானே.

பரீதா: இஹ்ஸான்...

இஹ்ஸான்: நான் ஒண்டும் கதைக்கல்ல.

சோமசேகரம்: தங்கச்சி, என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. இது சிவாஜினி செய்விக்கிற வேலையோ?

பரீதா: இஹ்ஸான், ஏணியைக் கொஞ்சம் தள்ளி வைங்க.

சோமசேகரம்: அப்ப என்ர மகள்தான். கனடாவில இருந்துகொண்டு போனுக்குள்ளால என்ர வளவைப் பார்க்கப்போறா.

பரீதா: அண்ணன், அது வந்து...

சோமசேகரம்: பொறுங்கோ. ஞாயிறு தவறாமல் எடுக்கிறா. "அப்பா தனிய இருக்கவேண்டாம், கொழும்பில நல்ல இல்லம் ஒண்டு இருக்கு, படம் அனுப்பினனான், பார்த்தனீங்களோ" எண்டு. பார்த்தனான். படத்தில எல்லாக் கிழவரும் சிரிச்சுக்கொண்டு இருக்கினம். அவ்வளவு சிரிப்புக்கு என்னால ஏலாது. நான் ஒருக்கால் தடக்குப்பட்டு விழுந்ததை அவ கண்டால் போதும், அடுத்த கிழமையே வந்து வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில எடுத்திடுவா. அவவில பிழை சொல்லேல்லை. பயம். ஆனால் எனக்கு இந்த வீடு வேணும் தங்கச்சி. சாகிறதெண்டாலும் எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் சுவர் எண்டு தெரிஞ்ச இடத்தில சாகவேணும்.

பரீதா: சிவாஜினிக்கு ஒண்டும் தெரியாது.

சோமசேகரம்: போனுக்குப் போகாதோ?

இஹ்ஸான்: போகாது ஐயா. இது வயர்க் கமரா. போனில பார்க்கிற சாமானும் கொண்டு வந்தனான். அதுதான் லேசு, மதில் துளைக்கத் தேவையில்ல. ராத்தாதான் வேணாமெண்டாங்க. படம் வீட்டைத் தாண்டக்கூடாதாம், அவங்க சமைக்கிற குசினியில உள்ள ரீவிக்கு மட்டும் வரோணுமாம். அதுக்காகத்தான் விடிஞ்சதில இருந்து துளைச்சு வயர் இழுக்கிறன். இந்தா, இந்த வயர் போய் அவங்கட குசினிச் சுவரோட முடியுது.

சோமசேகரம்: குசினியோட... என்னத்துக்குத் தங்கச்சி?

பரீதா: உங்களுக்காகத்தான்.

சோமசேகரம்: நான் கேட்டனானோ?

பரீதா: கேக்கமாட்டீங்க. மகளுக்குத் தெரிஞ்சா உங்களக் கூட்டிக்கொண்டு போயிருவா எண்டு எனக்கும் தெரியும். அதான் வயர்.

சோமசேகரம்: நான் துறைமுகத்தில கப்பல் இழுத்தவன், தெரியுமோ?

பரீதா: இப்ப ஒரு வாளி இழுக்கவே இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க.

சோமசேகரம்: அதுவும் கண்டாச்சோ...

பரீதா: மதில் அவ்வளவு உயரமில்ல அண்ணன். ...எங்கட அவர் மவுத்தான அண்டைக்கு நான் எங்க நிண்டன்?

சோமசேகரம்: அந்தக் கதை இப்ப வேண்டாம்.

பரீதா: குசினியில. கடைகளுக்குக் குடுக்கிற சம்பலுக்குத் தேங்காய் அரைச்சுக்கொண்டு நிண்டன். அவர் பின்வாசல் படியில விழுந்து கிடந்திருக்கார். கூப்பிட்டிருப்பார். கிறைண்டர் சத்தத்தில எனக்குக் கேக்கல்ல. அரைச்சு முடிச்சு, கிறைண்டரக் கழுவித் துடைச்சு வச்சிட்டுத்தான் வெளிய வந்தன். துடைச்சும் வச்சன் அண்ணன்.

இஹ்ஸான்: ராத்தா... அழாதீங்க.

பரீதா: அழல்ல. மதிலேறி வந்து தூக்கினது இவர்தான். பள்ளிவாசலுக்குக் கொண்டு போகக்குள்ள சந்தூக்குப் பெட்டியில ஒரு பக்கம் பிடிச்சதும் இவர்தான்.

சோமசேகரம்: அவர் கூப்பிட்டிருக்கமாட்டார் தங்கச்சி. விழுந்த உடனேயே முடிஞ்சுது எண்டு டொக்டர் சொன்னவர்தானே.

பரீதா: அது எனக்குச் சொன்னது. உங்களைத் தனியக் கூப்பிட்டு என்ன சொன்னார்?

சோமசேகரம்: ...அதேதான்.

பரீதா: உங்களுக்குப் பொய் சொல்ல வராது. விடுங்க. கிறைண்டரை நிப்பாட்ட ஏலாது, அதுதான் எனக்குச் சோறு. காதுக்குக் கேக்காட்டியும் கண்ணுக்காவது தெரியட்டும் எண்டு ரீவியை அரைக்கிற மேசைக்கு நேர கொழுவி வச்சிருக்கன். தலை நிமிர்த்தினா உங்கட படலை, வளவு, பின்வாசல் எல்லாம் தெரியும்.

சோமசேகரம்: எல்லாமோ? கிணத்தடியுமோ? காலையில நான் சாரத்தோட நிண்டு குளிக்கிற இடமெல்லோ அது.

பரீதா: அஸ்தஃபிருல்லாஹ். அதை முதலே சொல்லிட்டன். இஹ்ஸான், நீங்களே சொல்லுங்க.

இஹ்ஸான்: ஓம் ஐயா. முதல் கிணத்தடியும் படத்தில விழுந்தது. ராத்தா முந்தானையால முகத்தை மூடிக்கொண்டு "திருப்புங்க, திருப்புங்க" எண்டாங்க. அந்த நேரம் அங்க ஒரு காகம் மட்டும்தான் நிண்டது.

பரீதா: காகமெண்டாலும்... அந்நிய ஆம்பிள குளிக்கிற இடத்தை நான் பார்த்துக்கொண்டு நிக்கிறதா? இப்ப கிணத்தடிக்கு இங்காலயே படம் முடியுது. நீங்க பயமில்லாமக் குளிக்கலாம்.

சோமசேகரம்: நல்லது. பார்க்க அங்க ஒரு அழகும் இல்லை. எலும்பு எண்ணிப் படிக்க வாற டொக்டர் பிள்ளையளுக்கெண்டால் உதவும்.

பரீதா: அப்ப... கழட்டச் சொல்லல்லையா?

சோமசேகரம்: கிடக்கட்டும்.

பரீதா: உண்மையாத்தானே?

சோமசேகரம்: கிடக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன்.

பரீதா: அல்ஹம்துலில்லாஹ். இரிங்க, ரெண்டு பேருக்கும் பிளேன்டீ ஊத்திக்கொண்டு வாறன். அண்ணன், வெயிலுக்க நிக்காம அந்தக் கதிரையில இரிங்க.

இஹ்ஸான்: ஐயா, அப்ப நான் இதை இறுக்கிறன். இறுக்கிச் சீமெந்து பூசினா இனித் திருப்ப ஏலாது.

சோமசேகரம்: அவ உள்ளுக்குப் போயிட்டாவோ?

இஹ்ஸான்: ஓம், குசினிக்க போயிட்டாங்க.

சோமசேகரம்: இறுக்காதையும். கிணத்தடிப் பக்கம் திருப்பும்.

இஹ்ஸான்: ஐயா... ராத்தா அந்த ரீவியைப் பிறகு நிமிர்ந்தும் பார்க்கமாட்டாங்க.

சோமசேகரம்: பார்ப்பா. இனி நான் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் குளிப்பன் எண்டு சொல்லும். தேவையெண்டால் நீட்டுக் காற்சட்டையும் போடுறன். குளிக்கிறனோ, கலியாணத்துக்குப் போறனோ எண்டு அவவுக்கே தெரியாமல் இருக்கும்.

இஹ்ஸான்: இப்பதானே கிணத்தடி தெரியுமோ எண்டு பயந்தீங்க.

சோமசேகரம்: பயந்துதான் கேட்டனான். தெரியாது எண்டதும்தான் கூடப் பயந்தனான்.

இஹ்ஸான்: விளங்கல்ல ஐயா. ராத்தா ஏனெண்டு கேட்டா நான் என்ன சொல்ல?

சோமசேகரம்: கிழவன்ட விசர் எண்டு சொல்லும்.

இஹ்ஸான்: எனக்காவது உண்மையைச் சொல்லுங்க.

சோமசேகரம்: போன கிழமை கிணத்தடியில வழுக்கி விழுந்தனான் தம்பி. எழும்ப ஏலாமல், வெயில் முகத்துக்கு ஏறுமட்டும் அங்கேயே கிடந்தனான். கூப்பிட்டனான்... பரீதா, பரீதா எண்டு எத்தினை தரம் கூப்பிட்டனான் எண்டு எனக்கே தெரியாது. கிறைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ...இதை மட்டும் அவவுக்கு ஒருக்காலும் சொல்லிப்போடாதையும்.