வெளிச்சவீடு வரைக்கும்

— எங்கப்பா எப்ப செத்தாரு? அத மட்டும் சொல்லுங்க.

— மெதுவாக் கதையும், ஆர்த்திகா. கரையில அம்மா இருக்கிறா.

— அவங்க காதுல விழக் கூடாதுன்னுதானே கடலுக்குள்ள போற இந்தக் கல்லணையில ஏறி இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கேன். இங்கன கத்துனா மீனுக்குத்தான் கேக்கும். சொல்லுங்க பார்த்தீபன். என்ன நோவுல செத்தாரு? பொதச்சோமா, எரிச்சோமா?

— ஆர் உமக்குச் சொன்னது?

— உங்கம்மாதான். கடல் பாக்கன்னு கெளம்பி வெல்லவாய தாண்டி வர்றப்ப, வேனுல ஏங் கையப் புடிச்சிக்கிட்டு, "தேப்பன் இல்லாத பிள்ளை, இனி உமக்கு எல்லாம் நான்தான்"னு கண்ணு கலங்குறாங்க. நீங்க முன் சீட்ல ட்ரைவரோட கிரிக்கட் பேசிக்கிட்டு வர்றீங்க. அங்க ஹல்துமுல்லையில எங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நான் இங்க அவருக்கு எழவு விசாரிக்கிறதக் கேட்டுக்கிட்டு வர்றேன்.

— நீர் அம்மாவுக்கு ஒண்டும் சொல்லேல்லையே?

— பாத்தீங்களா? அதுதான் உங்க பயம். சொல்லல. உங்க வாயிலருந்து வரணும்னு பல்லக் கடிச்சிக்கிட்டு வந்தேன்.

— நில்லும், நில்லும். அந்தக் கல்லு பாசி பிடிச்சிருக்கு. விழப்போறீர். கையைத் தாரும்.

— கைய எடுங்க. அடமழையில கொழுந்துக் கூடையோட மலை எறங்குனவ வயித்துல பொறந்தவ நான். எனக்கு வழுக்காது. சப்பாத்து போட்டிருக்கிறது நீங்கதான், பாத்து வாங்க.

— எனக்கும் கோவம் வரும். ஒரு மனுசனை விளங்கப்படுத்த விடாமல் ஏசிக்கொண்டே போறீர்.

— சரி, வெளங்கப்படுத்துங்க. வெளிச்சவீடு வரைக்கும் வழி கெடக்கு.

— நான் யோசிச்சுத் திட்டம் போட்டுச் செய்யேல்லை, ஆர்த்திகா. உம்மைப் பற்றி முதல் முதல் அம்மாவிட்டைச் சொல்லேக்க, ஹாலிஎலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில ரீச்சர் எண்டு சொன்னன். அம்மாவுக்கு நல்ல சந்தோசம். தானும் ரீச்சராய் இருந்தவதானே. "தேப்பன் என்ன செய்யிறார்?" எண்டு கேட்டா. நான் முழிச்சுக்கொண்டு நிக்க, அவவாகவே "இல்லையோ?" எண்டா. நான் ஓமெண்டிட்டன்.

— ஓமுன்னா முடிஞ்சிருச்சா? ஒரு மனுசன் உசிரு ஒரு ஓமுல போயிருச்சா?

— பேந்து மாத்தேலாமல் போச்சு. ஒண்டைச் சொன்னால் அதுக்கு மேல இன்னொண்டு. எப்ப, எப்பிடி எண்டு கேட்டா. நெஞ்சு வருத்தம் எண்டன்.

— ஓ, நெஞ்சு வருத்தமா! நல்ல வேள, அதாச்சும் தெரிஞ்சிச்சு. ஏங்க, "தோட்டத்துல கவ்வாத்து வெட்டுறாரு"ன்னு சொல்லியிருந்தா உங்க நாக்கு வெந்திருக்குமா? தேயிலச் செடியத்தானே வெட்டுறாரு, ஆளையா வெட்டுறாரு?

— எனக்கு அதில ஒரு வெக்கமும் இல்லை. அம்மாதான் தாங்கமாட்டா. நீர் எங்கட சனத்தை அறியமாட்டீர். பெரியம்மா, மாமாமார், கனடாவில இருக்கிற அக்கா எல்லாரும் கேப்பினம். "தோட்டத்துப் பெட்டையோ?" எண்டு ஒரு வார்த்தை காதில விழுந்தாலே அம்மா படுத்திடுவா. தொண்ணூற்றைஞ்சில சண்டைக்குப் பயந்து வீடு வளவு எல்லாத்தையும் விட்டிட்டு வெளிக்கிட்டு, வழியில அப்பாவையும் பறிகுடுத்து, இப்ப பதுளையில வாடகை வீட்டில கிடக்கிறா. அவவிட்ட மிஞ்சியிருக்கிறது மரியாதை ஒண்டுதான்.

— உங்கப்பா செத்தத நீங்க எங்கிட்ட சொன்ன அன்னிக்கு ஞாபகம் இருக்கா? சனத்தோட சனமா நடந்து வந்து, ஒரு புளியமரத்தடியில காய்ச்சல்ல கெடந்து போனாருன்னு சொன்னீங்க. கொள்ளி வைக்கக் கூட நேரமில்லன்னு சொன்னீங்க. பதுளை பஸ் ஸ்டாண்ட்ல நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் அழுதோம். போறவன் வர்றவன் எல்லாம் பாத்தான்.

— ஓம். ஞாபகம் இருக்கு.

— அப்பா செத்தா எப்படி வலிக்கும்னு தெரிஞ்ச ஆளு நீங்க. அந்த வாயால எப்படிங்க எங்கப்பாவ சாகடிச்சீங்க?

— இந்தப் பக்கம் வாரும். அலை அடிக்குது, சீலை நனையப்போகுது.

— நனையட்டும். பேச்ச மாத்தாதீங்க. கலியாணத்துல என்ன யாரு தாரை வாத்துக் குடுக்குறது? அதையும் யோசிச்சு வச்சிருப்பீங்களே.

— உங்கட பள்ளிக்கூட அதிபர். ஜெயரட்ணம் சேர். கேட்டனான், தான் செய்யிறன் எண்டு சொன்னவர்.

— ஜெயரட்ணம் சேரா! அதான் போன வாரம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, "நீர் எனக்கு மகள் மாதிரி"ன்னு கொழைஞ்சாரா? என்னடா, லீவு கேட்டா மொறைக்கிற மனுசன் இப்படி உருகுறாரேன்னு நெனச்சேன். ஆக எல்லாருக்கும் தெரியும். மகளுக்குத்தான் தெரியக்கூடாது. அன்னிக்கு எங்கப்பா எங்க இருப்பாரு?

— வரலாம். ஆர் வரவேண்டாமெண்டது? பின் வரிசையில தெரிஞ்ச ஆள் மாதிரி வந்திருந்து, சாப்பிட்டு...

— என்ன ஆளு?

— கோவிக்காதையும். ஒரு பேச்சுக்கு...

— தெரிஞ்ச ஆளு! எங்கம்மா போனதுக்கப்புறம் எனக்குத் தல சீவி சட போட்டு ஸ்கூலுக்கு அனுப்புனவரு அந்தாளு. லயத்துப் பொம்பளைங்க வாசல்ல நின்னு சிரிப்பாங்க. "சிரிக்காதீங்கடி, கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை, வகிடு எம்புட்டு நேரா வருது பாருங்க"ன்னு அவங்ககிட்டயே வம்பு வளப்பாரு. அவரு என் கலியாணத்துல தெரிஞ்ச ஆளு. பின் வரிசையில ஒக்காந்து சோத்தத் தின்னுட்டு போகணும்.

— அவர் சம்மதிச்சவர்.

— என்னது?

— உமக்குச் சொல்லவேண்டாம் எண்டு அவர்தான் சொன்னவர். நான் ஹல்துமுல்லைக்குப் போய் அவரோட கதைச்சனான். அவர் ஒரு சொல்லுக் கோவிக்கேல்லை. நீர்தான் இப்ப குதிக்கிறீர்.

— எங்க வச்சுப் பேசுனீங்க?

— ரோட்டடியில, தேத்தண்ணிக் கடையில.

— லயத்துல எங்க வீட்டுக்குப் போகல.

— நேரம் இருக்கேல்லை.

— எத்தன தடவ வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன்? கச்சேரி ஆபீசுல வேலை, காலு நோகுது, மழ பெய்யிதுன்னு சாக்கு சொன்னீங்க. எங்கப்பாவ சாகச் சொல்றதுக்கு மட்டும் ஹல்துமுல்லை வரைக்கும் போக முடிஞ்சிச்சு. என்னா சொன்னீங்க அவருகிட்ட? அவருக்குச் சொன்ன மாதிரியே என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

— இப்ப ஏன் அது?

— சொல்லுங்க.

— "ஐயா, உங்கட மகள் நல்லா இருக்கோணும்தானே..."

— ம்.

— "...நீங்கள் உயிரோட இல்லையெண்டு வீட்டில சொல்லிப்போட்டன். அது அப்பிடியே இருக்கட்டும்" எண்டன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வச்சிட்டு, "சரிங்க தம்பி, புள்ள நல்லாருந்தா போதும்" எண்டார். அவ்வளவும்தான். நான் ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்லை.

— அதுக்கப்புறம் நடந்தத நான் சொல்றேன், கேக்குறீங்களா? எங்கப்பா வாய் ஓயாத மனுசன். காலையில பெரட்டுல கங்காணி பேரு கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நாலு பேர சிரிக்க வச்சிருவாரு. போன லீவுக்கு நான் வீட்டுக்குப் போறேன், மனுசன் பேச மாட்டேங்கிறாரு. சோறு வச்சா திங்கிறாரு. கேட்டா "ஒண்ணுமில்லம்மா"ங்கிறாரு. ஏதோ நோவுதான்னு பயந்து, "வாங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னு கையப் புடிச்சு இழுத்தேன். அப்பத்தான் சிரிச்சாரு. "செத்தவனுக்கு எதுக்கும்மா மருந்து?"ன்னாரு.

— அப்ப... உமக்கு முதலே தெரியுமோ?

— தெரியும்.

— தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நேரமும் என்னைக் கேள்வி கேட்டனீர்?

— ஒரு வார்த்தைக்காகத்தான் கேட்டேன். அம்மா தாங்க மாட்டாங்க, மாமா கேப்பாரு, அக்கா கேப்பான்னு ஊர்ப்பட்ட பேரச் சொன்னீங்க. ஒரு எடத்துலயாவது "எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு, ஆர்த்திகா, நாந்தான் தப்புப் பண்ணேன்"னு வருமான்னு பாத்துக்கிட்டே நடந்தேன். வெளிச்சவீடே வந்திருச்சு. அது வரல.

— தம்பி, மகள், அங்கனயே நில்லுங்க. வெளிச்சவீட்டுக் கதவு பூட்டி ஈக்குது. மேல ஏறேலா.

— நாங்கள் ஏற வரேல்லை, ஐயா. சும்மா பாத்திட்டுப் போக வந்தனாங்கள்.

— எல்லாரும் சும்மாதான் வாற. எம் பேரு பலீல், இந்த வெளிச்சவீட்டுக்குக் காவல் நான்தான். வெள்ளக்காரன் கட்டினது. கதவுக்கு மேல வருசம் வெட்டி ஈக்குது, பாருங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆமிக்காரன் இந்தக் கல்லுல ஒரு காக்காய உடமாட்டான். சமாதானம் வந்த பொறகுதான் ஜோடி ஜோடியா வாறாங்க. வந்து செவுத்துல பேர் கிறுக்குவாங்க, நான் ஏசுவேன். நீங்க என்னடாண்டா வாற வழியெல்லாம் சண்ட. அலைக்கு மேலால கேட்டுச்சி ஒங்கட சத்தம்.

— மன்னிச்சுக்கங்க பலீல் நானா.

— நீ ஏன் மகள் மன்னிப்புக் கேக்குற? கத்துறவங்களுக்குக் காரணம் ஈக்கும். தண்ணி தரட்டா?

— வேணாம் நானா. இருக்கட்டும்.

— ஆர்த்திகா, போதும். பிறத்தியாருக்கு முன்னால வேண்டாம். திரும்பிப் போவம். அம்மா அங்க தனிய.

— இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்.

— கலியாணத்தை நிப்பாட்டப் போறீரோ? அதைச் சொல்லும் முதல்ல.

— கலியாணப் பேச்சு பெரியவங்க பேசுறது. எங்க பக்கம் எங்கப்பா பேசுவாரு. உசிரோட இருக்கிறவரு பேசட்டும்.

— விளங்காத கதை கதைக்கிறீர். அவர் எங்க வந்து கதைக்கிறது?

— தம்பி, குடையோட ஈக்கிறவங்களா ஒங்கட உம்மா? இங்கால வாறாங்களே.

— எங்க?

— கல்லணையில பாருங்க. பாதி தூரம் வந்தாச்சி. ஒரு பெரியவரும் கூட வாறாரு.

— அது அம்மாவின்ட குடைதான்! முழங்கால் ஏலாதவ, ஏன் இந்தக் கல்லுகளில ஏறினவ? கூட வாறது ஆர்? ட்ரைவரோ?

— ட்ரைவர் இல்ல. எங்கப்பா.

— என்ன சொல்லுறீர்?

— மொத பஸ்ஸப் புடிச்சு வாங்கப்பான்னு நாந்தான் சொன்னேன். வரமாட்டேன்னு அடம் புடிச்சாரு. "நீங்க வரலன்னா எனக்குக் கலியாணமே வேணாம்"னேன். அப்பா, நான் அவர வெளிச்சவீட்டுப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன், நீங்க நேரா அந்தம்மாகிட்ட போயி, "நாந்தாங்க ஆர்த்திகாவோட அப்பா, வீரய்யா"ன்னு சொல்லுங்கன்னேன். நீங்க பக்கத்துல நின்னா அவர வாயத் தெறக்க விடமாட்டீங்க. அதுக்குத்தான் உங்கள இவ்வளவு தூரம் நடத்தியாந்தேன்.

— ஐயோ, என்ன வேலை பாத்தனீர்! நான் இனி அம்மாவின்ட முகத்தில எப்பிடி முழிக்கிறது? அவவுக்கு ஏதும் நடந்தால் நீர்தான் பொறுப்பு!

— அந்தம்மாவுக்கு ஒண்டும் நடக்கல்ல, தம்பி. நல்ல வேகமா வாறாங்க. மொகம்தான் செவந்து ஈக்குது.

— பாத்தீரோ? பாத்தீரோ? நான் தலைப்பாடா அடிச்சுக்கொண்டனான், தாங்கமாட்டா எண்டு. எவ்வளவு கோவத்தில வாறா எண்டு பாரும்!

— ஆமா, கோவமாத்தான் வர்றாங்க. ஆனா எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டுல்ல வர்றாங்க. அந்தக் கோவம் யாரு மேலன்னு உங்களுக்கு இன்னுமா வெளங்கல?