தடயமாக வைத்திருக்கும் டீசல்

விசாரணை நீதிபதி அவர்களுக்கு,

இவ்வளவு பின்னிரவில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மகள் இருட்டுக்குப் பயந்து அழுது இப்போதுதான் தூங்கினாள். செல்போன் வெளிச்சத்தில் எழுதுவதால் வரிகள் கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் நஜ்வா. வயது இருபத்தேழு. திரிப்போலி துறைமுகப் பகுதியில், மீன் சந்தைக்குப் பின்னாலுள்ள கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். வேதியியல் பட்டதாரி. சிறைக் காவலருக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக என்மேல் பதிவான வழக்கில், காவல் நிலையத்தில் எழுதி நீட்டிய வாசகத்தில் கையெழுத்திட மறுத்து, என் கைப்படவே தருவதாகச் சொல்லி வீடு திரும்பி இதை எழுதுகிறேன்.

என் கணவர் வஸீம், மருந்துக் கிடங்கில் திருடியதாகக் கைதாகி மலைமேல் உள்ள சிறையில் இருக்கிறார். திருட்டு நடந்த இரவில் அவர் பிரசவ வார்டு வாசலில் நின்றிருந்தார். அன்று பிறந்த எங்கள் தாலியா இப்போது மூன்றாவது ஜோடிச் செருப்பு போடுகிறாள். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. ஒவ்வொரு தேதியிலும் நீதிபதி, எழுத்தர், வழக்கறிஞர், நான் எல்லாரும் வந்திருப்போம். சிறை வேனுக்கு டீசல் இல்லையென்று அவரை மட்டும் கொண்டுவர மாட்டார்கள். அதன்பின் வேறு தேதி போடுவார்கள்.

அன்றிரவு அவரைப் பார்த்த ஒரே சாட்சி செவிலி ஜோஸெலீன். அவர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, விசா வந்திருச்சு. அடுத்த புதன் ஃபிளைட். அதுக்கு முந்தின வியாழக்கிழமை கோர்ட்டுக்கு சத்தியமா வர்றேன். அன்னைக்கும் அவரைக் கூட்டிட்டு வரலேன்னா நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

அதன்பின் நான், அரசு மின்சாரம் சரியாக வராத எங்கள் தெருவுக்கு ஜெனரேட்டர் மின்சாரம் விற்கும் அபூ ஸலீமிடம் சென்று, என் வீட்டு இணைப்பை இந்த மாதம் துண்டித்துவிட்டு, கட்டிய பணத்துக்கு ஈடாக ஒரு கேன் டீசல் தரும்படி கேட்டேன்.

"சின்னப் பிள்ளைய இருட்டுல வச்சுக்கிட்டு டீசல் எதுக்கு, தாலியாம்மா? கப்பல் ஏதும் வாங்கிட்டியா?"

"அரசாங்கத்துக்குத் தர்மம் பண்ணப் போறேன்" என்றேன்.

சிரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் கேனை விளிம்புவரை நிரப்பி, மூடியில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கொடுத்தார்.

வியாழன் விடிகாலையில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மினி பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். சிறை வாசலில் வேன் நின்றிருந்தது. சார்ஜெண்ட் எலியாஸ் காபி குடித்துக்கொண்டிருந்தார். வேன் கிளம்புமா என்று கேட்டேன்.

"டேங்க் முள்ளு படுத்தே கெடக்கு தங்கச்சி. அடுத்த தேதிக்குப் பாப்போம்."

அதன்பின் கேனை அவர் காலருகே வைத்தேன்.

"இது என்ன ஜெயிலா, பெட்ரோல் பங்கா? எடுத்துட்டுப் போ. இதுக்குப் பேரு லஞ்சம்."

"லஞ்சம்னா உங்க வீட்டுக்குல்ல கொண்டாந்திருப்பேன்? நீங்க தொடவே வேணாம். டேங்கைத் திறங்க, நானே ஊத்துறேன்" என்றேன்.

அவர் திறக்கவில்லை. வேன் டேங்க் மூடியை நானே திருகினேன். அதன்பின் என்னைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். கேனைத் தடயப் பொருள் என்று கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். அன்று நீதிமன்றத்தில் ஜோஸெலீன் மதியம்வரை காத்திருந்துவிட்டுப் போனதாக வழக்கறிஞர் சொன்னார். என் கணவர் கொண்டுவரப்படாததால் வழக்கு மறுபடி தள்ளிவைக்கப்பட்டது. என் வழக்குக்கு மட்டும் இந்தத் திங்கட்கிழமையே தேதி கிடைத்தது.

கேனை நான்தான் கொண்டுபோனேன். மறுக்கவில்லை. தண்டனை உண்டென்றால் ஏற்கிறேன், ஆனால் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். என் கணவருக்கும் அதைத்தான் கேட்கிறேன். திங்கட்கிழமை நான் நடந்தே வந்துவிடுவேன், எனக்கு வேன் வேண்டாம். அன்றே வஸீமையும் கொண்டுவந்து, அவர் முன்னிலையில் ஜோஸெலீனின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய உத்தரவிட வேண்டுகிறேன். வேனுக்கு டீசல் இல்லையென்றால் கிடங்கில் இருப்பதை ஊற்றச் சொல்லுங்கள். தடயம் தீர்ந்துபோகுமே என்று யோசிக்க வேண்டாம். என் குற்றத்துக்கு இந்த வாக்குமூலமே போதும்.

யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

நஜ்வா

ஜோஸெலீன் புதன்கிழமை போய்விடுவார். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.