லாமென்ஸ் கொடுக்காத தண்ணீர்

நீங்கள் தந்த பேனா நன்றாக எழுதுகிறது. சிட்னிக்கு வந்து இருபத்தெட்டு வருடம், கடையில் வாங்கிய எந்தப் பேனாவும் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் உங்கள் மொழிபெயர்ப்பாளர் கிரிஜா பாவம், என் யாழ்ப்பாணப் பேச்சோடு மல்லுக்கட்டியிருப்பார். நேற்றே இரண்டு இடத்தில், "சார், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டார். ஆகவே எழுதியே தருகிறேன். எழுத்து எனக்குப் பழக்கம்.

என் பெயர் வரதராஜா. வயது எழுபத்தொன்று. ஊரில் தமிழ் வாத்தியார். இங்கே ஓர் ஓவியக்கூடத்தில் பத்தொன்பது வருடம் காவலாளி. பெரும்பாலும் ஒரே அறையில்தான் நிற்க விட்டார்கள். அந்த அறையில் பெல்ஜியத்து ஓவியன் ஒக்தாவ் லாமென்ஸின் 'காய்ச்சல்காரி' தொங்குகிறது. சன்னலோரம் ஒரு கட்டில், அதில் மெலிந்துபோன ஒரு பெண், வெடித்த உதடு. வருகிறவர்கள் அந்த உதட்டுக்கு முன்னால்தான் நின்று வாயைப் பிளப்பார்கள். நான் மற்றப் பக்கம் திரும்பி நிற்பேன்.

ஏனென்றால் அவனுடைய சீவியத்தை நான் படித்திருந்தேன். 1831இல் கென்ற் நகரத்தில் ஒரு லேஸ் வியாபாரிக்குப் பிறந்தவன். அன்ட்வேர்ப்பில் படித்தான். அரசர்களையும் யுத்தங்களையும் சுவர் அகலத்துக்கு வரைந்தான், ஒருவரும் சீந்தவில்லை. முப்பத்தைந்து வயதில் அவன் மனைவி கிளெமான்ஸுக்குச் சயரோகம் வந்தது. அதோடுதான் அவனுக்கு விடிந்தது. அவள் இளைக்க இளைக்க ஏழு படம் வரைந்தான். வைத்தியர் அவளைக் கடற்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெளிச்சம் மாறிவிடும் என்று இவன் மாட்டேன் என்றுவிட்டான். ஒரு நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் இப்படி இருக்கிறது: 'காலையிலிருந்து தண்ணீர் கேட்கிறாள். நனைந்தால் உதட்டின் நிறம் போய்விடும். மாலை வரை கொடுக்கவில்லை.' அதை வாசித்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டைக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். அந்தப் படத்துக்குப் பிரஸல்ஸில் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவள் போன பிறகு அவனுக்கு வரைய ஒன்றும் இருக்கவில்லை. மாடு வரைந்தான், கொழுத்தான், ஊர் மரியாதையோடு செத்தான்.

பதினொரு வருடமாக இவனுடைய வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கிருந்த அருவருப்பு வாசிக்கிறவருக்கும் வரவேண்டும் என்றுதான் எழுதினேன். கடைசி அத்தியாயம் மட்டும் சரிவரவில்லை.

என்னுடைய மற்ற எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரிஜா தமிழ்நாட்டுப் பிள்ளை, இது தெரிந்திருக்காது. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்போம். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் இருக்கும். முதல் பக்கத்தில் திதி வெண்பா. எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதியில் ஆள் போனார் என்று நாலடியில் சொல்லும் பாட்டு. அந்தத் திதியில்தான் வருடாவருடம் திவசம் செய்வார்கள். சிட்னியில் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மற்றவர்கள் எழுதுவதைப் பார்க்கச் சகிக்காது. தளை தட்டும், எதுகை இருக்காது. அதைவிடக் கேவலம், யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் இருக்கிற நேரத்தை அப்படியே எடுத்துப் போடுவார்கள். ஆவணியில் நாங்கள் ஊரைவிட நாலரை மணித்தியாலம் முந்தி இருக்கிறோம். அங்கே மூன்றரைக்கு முடிகிற திதி இங்கே எட்டு மணி வரை நிற்கும். இது தெரியாமல் செத்தவரை வேறு திதிக்குத் தள்ளிவிடுவார்கள். எத்தனை பேருக்கு நான் போன் எடுத்துத் திருத்தியிருக்கிறேன்.

இனி பவளம். என் மனைவி. அவளுக்கு இதயம் பழுதாகி இரண்டு வருடம். கால் வீங்கி, தோலிலிருந்து நீர் கசியும். அந்த வாடை திரைச்சீலை வரை ஏறியிருந்தது. என் சட்டையிலும் இருந்தது. முகம் சுளிக்காமல் நான்தான் துடைத்தேன், நான்தான் மாற்றினேன். கட்டிலடியில் ஒட்சிசன் மெசின் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். இனி அது இல்லாமல் அரை மணித்தியாலம்கூடத் தாங்கமாட்டா என்று நேர்ஸ் சொல்லியிருந்தார். ஆவணி பிறந்ததும், எண்ணிச் சில நாட்கள்தான் என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

எழுதுகிறவன் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். அவள் கண்ணயரும் நேரங்களில் பக்கத்துக் கதிரையில் இருந்து அவளுடைய கல்வெட்டை எழுதினேன். செவ்வாய்க்கிழமை திதி வெண்பா வந்தது. நான் தேடிப் போகவில்லை, தானாக வந்தது. கடைசி அடியை மட்டும் எழுதுகிறேன்: 'ஏகா தசியே இனிது.' நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட இப்படி வாய்த்ததில்லை. ஏகாதசிக்கு அடுத்த நாளுக்காகத் துவாதசியைப் போட்டுப் பார்த்தேன். தளை தட்டியது, மோனையும் போனது. பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். ஏகாதசி வியாழக்கிழமை பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டு வரை என்றிருந்தது.

அச்சில் பார்க்கும்வரை எனக்கு ஒரு பாட்டு முடிந்ததாகத் தெரியாது. ஆகவே கெல்லிவில்லில் அச்சகம் வைத்திருக்கும் சுகிர்தனுக்கு அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பினேன். இறந்த திகதி என்ற இடத்தில் வியாழக்கிழமைத் திகதியைப் போட்டிருந்தேன்.

வியாழன் காலை பவளம் தெளிவாக இருந்தாள். இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். மெல்பேர்னிலிருந்து மகள் ராகவி போன் எடுத்தாள். "அப்பா, நான் வாறன். ஃபிளைட் அஞ்சு மணிக்கு லாண்ட் பண்ணும். அம்மாட்டச் சொல்லுங்கோ." சொன்னேன். பவளம் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அரை மணிக்கொரு தரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, எத்தினை மணி?"

"இரண்டரை."

"பிள்ளை வந்திடுவாள், என்ன?"

"ஓம்."

மூன்று மணிக்கும் அவள் மூச்சு சீராகவே இருந்தது. ஆறு மணியையும் தாண்டும், வெள்ளியையும் தாண்டும் போலிருந்தது. எனக்குக் கவலை வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை.

மூன்று இருபதுக்குத் தண்ணீர் கேட்டாள். சுடுதண்ணீரை ஆற்றி, கரண்டியால் மூன்று தரம் பருக்கினேன். உதட்டைத் துடைத்துவிட்டேன். பிறகு குனிந்து மெசினை நிறுத்தினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த அறையில் சத்தம் இல்லை. தெருவில் யாரோ புல்லு வெட்டுவது கேட்டது.

"மெசின் நிண்டிட்டுது," என்றாள்.

"ஓம், பாக்கிறன்," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். மூன்று நாற்பத்தாறுக்கு முடிந்தது. ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. மெசினைத் திரும்பப் போட்டுவிட்டு அம்புலன்ஸுக்கு அழைத்தேன்.

ராகவி ஆறு மணிக்கு வந்தாள். ஓடி வந்தவள் அறை வாசலில் நிலத்தில் இருந்துவிட்டாள். "நான் வாறன் எண்டு சொன்னீங்களா, அப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சொன்னேன் என்றேன். அது உண்மைதான். பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லாமென்ஸின் கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். பதினொரு வருடம் வராதது இரண்டு நாளில் வந்து முடிந்தது.

சனிக்கிழமை சுகிர்தன் வந்தான். நல்ல பெடியன், கள்ளம் தெரியாதவன். போனை என்னிடம் நீட்டி, "அங்கிள், இதை நீங்கள் செவ்வாய்க்கிழமை அனுப்பியிருக்கிறீங்கள். அன்ரி வியாழக்கிழமையெல்லோ மோசம் போனவ?" என்றான். ராகவி பக்கத்தில் நின்றவள், போனை வாங்கிப் பார்த்தாள். தமிழ் அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் திகதி இலக்கம்தானே. இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பொலிஸுக்கு, உங்களுக்குப் போன் எடுத்தது அவள்தான். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

செய்தது நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒரு பிழை நடந்துவிட்டது. இன்று காலை இங்கே இருக்கும்போதுதான் அது தலையில் ஏறியது. மூன்று ஐம்பத்திரண்டு என்பது யாழ்ப்பாணத்து நேரம். சிட்னியில் ஏகாதசி எட்டு இருபத்திரண்டு வரை நின்றிருக்கிறது. ராகவி வந்து, தாயின் கையைப் பிடித்து, கதைத்த பிறகும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எனக்கு இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் திருத்திக் கொடுத்த நான் என் வீட்டில் கோட்டை விட்டேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நல்ல காலம், திதி மாறவில்லை. வெண்பாவில் ஓர் எழுத்தும் திருத்தத் தேவையில்லை என்று சுகிர்தனிடம் சொல்லிவிடுங்கள்.

நேற்று ராகவி இங்கே வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு மேசையில் நான் லாமென்ஸைத் திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவள். "அந்தப் பெயின்ரர் நீங்கள்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வாய் திறக்காமலே இருந்திருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கிரிஜா, இதை ஆங்கிலத்தில் போட்டதும் ஒரு பிரதி அவளுக்குக் கொடுங்கள். அவள் ஆறுதலாக வாசிக்கட்டும். லாமென்ஸ் ஒரு படத்துக்காகச் சாகக் கிடந்த மனைவிக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்தவன்.

நான் கொடுத்தேன். மூன்று கரண்டி, ஆற்றித்தான் கொடுத்தேன்.