ஒரு சாண் ஆழம் வரைதான்

குண்டு விழுகிறது. ஒன்று. மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. முதலில் விசில் சத்தம். பிறகு இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தியது போல ஓர் அறை. அதற்கப்புறம்தான் மண் வந்து முதுகில் கொட்டுகிறது.

"படுங்க! லாரிக்கு அடியில போவாதீங்க, டீசல் டேங்க்கு இருக்குது!"

கத்துகிறவர் தங்கராசு அண்ணன். எங்கள் ரிக் வண்டியின் டிரில்லர். நாமகிரிப்பேட்டைக்காரர். நானும் அதே ஊர், அவருக்குக் கீழே வேலை. போர்வெல் போட ஆப்பிரிக்காவுக்குப் போன ஆட்கள் நாங்கள். நாட்டின் பெயரை எழுதவில்லை. நம் பக்கத்து ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாலை நாலே முக்கால். பதினேழு குண்டு எண்ணினேன். எண்ணாமல் இருந்தால் அழுதிருப்பேன்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், ஊரை விட்டு ஓடி வந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. ஊர்க் கிணற்றில் பிணம் கிடந்தது. குடிக்க ஒரு சொட்டு இல்லை. அவர்களுக்குத் தண்ணீர் எடுக்கத்தான் எங்களை அங்கே அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு காலி நிலம். சண்டை அதன் மேல் இரண்டு தடவை போய் வந்திருக்கிறது. கண்ணிவெடி இருக்கலாம் என்றார்கள்.

வியாழக்கிழமை, காலை ஆறரை. கண்ணிவெடி தேடுகிறவர் வருகிறார். இப்ராகிம். அந்த ஊர்க்காரர். நீளக் குச்சி, நுனியில் ஒரு வட்டத் தட்டு. தரையை ஒட்டி இடமும் வலமும் வீசுகிறார். காதில் ஒலி கேட்கும் கருவி. நாங்கள் தள்ளி நிற்கிறோம்.

தங்கராசு அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் துண்டு ஆங்கிலத்தில் கேட்டார். எத்தனை அடி பார்க்கும்?

இப்ராகிம் சிரிக்கவில்லை. கையால் காட்டினார். சோடா மூடி என்றால் நாலு விரல் ஆழம். பெரிய தகர டப்பா என்றால் முழங்கை ஆழம். பிளாஸ்டிக் கண்ணிவெடிக்குள் அரிசி அளவுதான் இரும்பு. அதற்கு ஒரு சாண். அதுவும் நல்ல மண்ணில்.

அந்த மண் நல்ல மண் இல்லை. நம் சேலத்துக் கஞ்சமலை அடிவாரம் போலச் சிவந்த மண். மண்ணிலேயே இரும்பு. கருவி சும்மாவே முனகுகிறது. அதன் காதைக் குறைத்து வைத்துத்தான் தேட வேண்டும். குறைத்தால் ஆழமும் குறையும்.

"நாங்க ஆயிரம் அடி போறவிங்க. நீங்க சாண் கணக்குச் சொல்றீங்களே சாமி" என்றார் அண்ணன். தமிழில்தான் சொன்னார். இப்ராகிமுக்கு எப்படியோ புரிந்தது. அப்போதுதான் சிரித்தார்.

எட்டு மணிக்கு வெள்ளைக் கல் வைத்து எல்லை கட்டி, பார்த்தாயிற்று என்று ஒரு தாள் கொடுத்தார். போகும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த மேல்மண்ணிலிருந்து ஒரு சாண் வரைக்கும்தான் நான் பொறுப்பு. அதற்குக் கீழே தோண்டினால் நிறுத்துங்கள். என்னைக் கூப்பிடுங்கள். வண்டியை ஐம்பது அடி தள்ளி வையுங்கள், அந்த இரும்பு பக்கத்தில் இருந்தால் கருவி கத்திக்கொண்டேதான் இருக்கும்.

ரிக் வந்து நின்றது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரும்புக் கால்களான ஜாக்கிகளை இறக்கினோம். பின்பக்க இடது ஜாக்கி புதைகிறது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட பொலபொல மண். ரிக் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு வழி தெரியும். மேல்மண்ணைப் பறிப்போம். கெட்டித் தரை வந்ததும் கட்டை அடுக்குவோம். அதன் மேல் ஜாக்கி. சேலத்திலும் அப்படித்தான். ராஜஸ்தானிலும் அப்படித்தான். யோசிக்கிற வேலையே இல்லை, கை தானாகச் செய்யும்.

அண்ணன் கையை நிறுத்தினார். முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி நம் பக்கத்து ஆள், இங்கே ஊரில் உட்கார்ந்துதான் பேசினார். ஸ்பீக்கரில் நான் கேட்டேன்.

"பறிச்சாக் கூப்புடச் சொல்லீருக்காருங்க. வண்டியத் தள்ளி நிறுத்தோணுமுங்க."

"அதான் மிசின் வெச்சுப் பாத்தாச்சல்ல? பேப்பர் குடுத்தாச்சல்ல? வண்டிய எடுத்து மறுக்கா நிறுத்தறதுக்குள்ள பொழுது போயிரும். பறிச்சுக் கட்டையப் போடு."

"இல்லீங்க, அந்தாளு—"

"அந்தாளா உனக்குச் சோறு போடறான்?"

போன் கட்டாயிற்று.

பறித்தோம். அண்ணன் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம். மூசா மண்ணை அள்ளிக் கொட்டினார். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர், தினமும் எங்களோடு வேலைக்கு நிற்பவர். ஒன்றரை அடி. கட்டை அடுக்கினோம். ஒரு கட்டை ஆடியது. நான் ஆப்பு எடுக்க வண்டியின் முன்பக்கம் போனேன். அண்ணன் ஜாக்கியை இறக்கினார்.

ஒன்பது இருபது.

சத்தம் காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு இப்ராகிம் வந்தார். என் கட்டிலில் உட்கார்ந்து கையால் அளந்து காட்டினார். வெடி கிட்டத்தட்ட இரண்டடி ஆழத்தில் இருந்திருக்கிறது. காலையில் அவர் நடந்தபோது எந்தக் கருவியாலும் அதைக் கேட்டிருக்க முடியாது. ஆள் நடந்தால் வெடிக்காது, வண்டிக்கு வைத்த வெடி. நாங்கள் ஒன்றரை அடி பறித்ததும் அது நாலு விரல் ஆழத்துக்கு வந்துவிட்டது. அப்போது கூப்பிட்டிருந்தால் கருவி கத்தியிருக்கும். நாலு விரல். ஓர் உள்ளங்கை அகலம்.

நான் ஊர் வந்து சேர்ந்தேன். முதலாளியின் கடிதம் எனக்கு முன்னால் வந்திருந்தது. "தொழிலாளி தன்னிச்சையாகத் தோண்டியதால்" என்று ஒரு வரி. நல்ல தாள். நல்ல அச்சு. சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டுக்கே ஆள் வந்தான். பேனாவும் அவனே கொண்டுவந்தான். போடவில்லை. அன்று முதல் இந்த வட்டாரத்தில் ஒரு ரிக்கும் என்னை ஏற்றவில்லை.

மனு கொடுக்க நாமக்கல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் காவலர் சின்னக் கருவியால் தடவினார். தொடையில் பீப் என்றது.

"பாக்கெட்டுல என்னங்க?"

"இரும்புங்க. உள்ள இருக்குது."

"எடுத்து வெளிய வெச்சுட்டு வாங்க."

ஜாக்கியின் துண்டு அது. புளியங்கொட்டை அளவு. வாசல் காவலரின் சின்னக் கருவிக்குக் கூட என் சதைக்குள் இருப்பது தெரிகிறது. தோண்டிய குழிக்கு மட்டும் கருவி கொண்டுவர நேரமில்லை என்றார் ஒருவர். அவர் இன்றைக்கும் வெள்ளை வேட்டியில் கல்யாணங்களுக்கு வருகிறார். பந்தியில் எல்லோரையும் விசாரிக்கிறார்.

அண்ணன் மனைவி சரசு அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மஞ்சள் வேகவைக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டார்.

"ஏஞ்சாமி, அவரு அவசரப்பட்டுத்தான் பறிச்சாராமா? ஊரே சொல்லுது."

நடந்ததைச் சொன்னேன். போனில் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன். அக்கா அழவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"வாயில சொன்னா காத்துல போயிரும். எழுதிக் குடு. எம்புள்ளைக படிக்கோணும்."

எழுதிவிட்டேன். கோபத்தோடுதான் எழுதினேன். ஆறட்டும் என்று காத்திருந்தேன், ஆறவில்லை.

இனி இழப்பு.

தங்கராசு, நாற்பத்தொரு வயது. நாமகிரிப்பேட்டை. அவர் தன்னிச்சையாகத் தோண்டவில்லை. கூப்பிடலாம் என்றுதான் சொன்னார்.

என் இடது காது. இடது கையில் இரண்டு விரல்.

பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்க வேண்டிய தண்ணீர். துளை ஓரடிகூட இறங்கவில்லை.

மூசா. கடிதத்தில் அவர் பெயரே இல்லை. வயது எனக்குத் தெரியாது. அப்பா பெயர் தெரியாது. எந்த ஊரிலிருந்து ஓடி வந்தார் என்றும் தெரியாது. பதினோரு நாள் ஒரே தட்டில் சாப்பிட்டோம். நான் கேட்கவில்லை.