ஹோல்மெக்லிண்ட் கோயிலின் கிழக்குச் சுவர்

— இழுக்காதீங்க, பாதிரியாரம்மா! கையை எடுங்க! நிலைக்கு மேல இருக்கற கல்லு ஒங்க தலையில வந்து உக்காரப்போவுது.

— இப்பதானே ரெண்டு பேரும் இந்த வழியா உள்ள வந்தோம், பெர்டெல்? நல்லாத்தானே திறந்தது?

— தொறந்துச்சு. குளுருதுன்னு நீங்க சாத்தினீங்க. சாத்தின கையோட அந்தச் சத்தம் வந்துச்சு. இப்பப் பாருங்க, நிலை சாஞ்சு கெடக்கு. இந்தப் பக்கம் என் முஷ்டி நுழையும், அந்தப் பக்கம் ஊசி நுழையாது. கதவு நடுவுல மாட்டி நசுங்கிருச்சு.

— அது என்ன சத்தம்? நான் ஏதோ லாரின்னு நெனச்சேன்.

— கடல் பக்கத்துலேருந்து லாரி எப்படி வரும்?

— பயமுறுத்தாதீங்க.

— நான் எங்க பயமுறுத்தறது. முப்பத்தியோரு வருசமா இந்தக் கோயிலுக்குக் கோயில்பிள்ளையா இருக்கேன். குழி வெட்டறேன், மணி அடிக்கறேன், மெழுகுவத்தி ஏத்தறேன். உள்ள நிக்கறதுக்கு ஒரு நாளும் பயந்ததில்ல. இன்னிக்குப் பயமா இருக்கு.

— சரி, சரி. பதறாம யோசிப்போம். உங்க போன் எங்க?

— கொட்டாயில. காப்பி பிளாஸ்க் பக்கத்துல. ஒங்களுது?

— கார்ல, சார்ஜ்ல கிடக்கு.

— நல்லாருக்கு போங்க.

— மணி என்ன இப்ப?

— ஒம்பதே கால்.

— ஒன்பதரைக்கு நம்ம கைடு அக்னெத்த பஸ் வந்துடுமே! ஓடென்ஸ ஊர்லேருந்து ஒரு பஸ் நிறைய ஆளைக் கூட்டிட்டு வர்றா. வந்து கதவு திறக்கலைன்னா என்ன பண்ணுவாங்க?

— எல்லாக் கூட்டமும் பண்றதைத்தான் பண்ணுவாங்க. சுத்திக்கிட்டுப் பின்னாடி போயி, கடலைப் பாக்கற மேடையில ஏறி நின்னு போட்டோ எடுப்பாங்க.

— கர்த்தாவே.

— பாறை விளிம்புல மேடை போடுங்கன்னு கேட்டது யாரு? நானா?

— நான்தான். அதைச் சொல்லிக்காட்ட இதுதான் நேரமா? வடக்கு வாசல் பக்கம் போய்ப் பார்ப்போமா?

— பொம்பளைங்க வாசலா? அந்தக் காலத்துல ஆம்பளைக்கு ஒரு வாசல், பொம்பளைக்கு ஒரு வாசல். அதை அடைச்சு முந்நூறு வருசம் ஆச்சும்மா.

— செங்கல்தானே வெச்சு அடைச்சிருக்கு? அந்த இரும்பு மெழுகுவத்தித் தண்டால குத்தினா பேர்ந்து வராதா?

— வரும். செங்கல் வந்துச்சுன்னா அது தாங்கிட்டிருக்கற சுவரும் வரும். சுவர் வந்தா மேல இருக்கற வளைவு எங்க போயி உக்காரும், சொல்லுங்க? எண்ணூறு வருசச் சுண்ணாம்புக் கல்லு. ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி கனம்.

— பெர்டெல்... அந்தக் கப்பல் ஆடுது.

— தெரியும். அண்ணாந்து பாக்காதீங்க.

— காத்தே இல்லயே. கதவு சாத்திக் கிடக்கு. அது ஏன் ஆடுது?

— கூரை ஆடுது, கூரையில தொங்கற கப்பல் ஆடுது. புயல்ல பொழச்சு வந்தவங்க நேந்துக்கிட்டுத் தொங்கவிட்ட மரப் பொம்மைக் கப்பல். ஒட்டடை அடிக்கும்போது நான் இடிச்சா ஆடும். தானா ஆடி இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— என் தோள்ல ஏதோ விழுந்தது.

— காட்டுங்க. சுண்ணாம்புப் பொருக்கு.

— இதுல சிவப்பா இருக்கே. ஓவியமா?

— ஓவியந்தான். மேல கூரையில வரைஞ்சிருக்கற பெரிய மீனோட வாயிலேருந்து உதுந்திருக்கு. நகருங்க, சுவரோரமா வாங்க. நடுவுல நிக்காதீங்க.

— எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து இந்த மீனைக் காட்டியிருப்பேன்! கடைசி நாள்ல கடல் தன்கிட்ட இருக்கற செத்தவங்களைத் திருப்பிக் கொடுக்குதுன்னு சொல்லி, முகம் பாக்கற கண்ணாடி வெச்ச வண்டியைத் தள்ளிட்டுப் போயி, குனிஞ்சு பாருங்க, கழுத்து வலிக்காம பார்க்கலாம்னு... எல்லாரும் சிரிப்பாங்க. மீன் வாயிலேருந்து வர்ற செத்தவங்கள்ல ஒருத்தர் முகம் மாதிரி இன்னொருத்தருக்கு இல்லன்னு ஆச்சரியப்படுவாங்க.

— இந்த ஊர்ல ஒவ்வொரு குடும்பமும் ஒரு மொகத்தைக் காட்டி எங்க ஆளும்பாங்க. அந்தக் கோண மூக்குக்காரன் எங்க வகையறா. ஒங்களுக்கு அங்க ஆளு கெடையாது, கோபன்ஹேகன்லேருந்து வந்தவங்க.

— விளையாடாதீங்க.

— விளையாட்டா பேசலன்னா நான் அழுதுருவேன், பாதிரியாரம்மா.

— ...சரி. ஒரு நிமிஷம். ஒண்ணு கேக்கறேன். கிழக்குச் சுவர் விரிசல் மேல மூணு கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கோமே. விரிசல் அகலமானா சில்லு உடையும், உடனே தெரிஞ்சுபோகும்னு சொன்னீங்க. வாரா வாரம் நானே கேட்டேன். முழுசா இருக்குன்னீங்க.

— முழுசாத்தான் இருந்துச்சு.

— அப்ப இன்னிக்கு திடீர்னு எப்படி?

— சுவரோரமா வாங்கன்னேனே.

— பெர்டெல், என்னைப் பாருங்க.

— ஈஸ்டருக்கு அப்புறம் ஒண்ணு ஒடைஞ்சுது. புதுசு ஒட்டினேன். அதுவும் ஜூன்ல ஒடைஞ்சுது. மறுபடி ஒட்டினேன். போன வாரம் மூணும் ஒடைஞ்சு கெடந்துச்சு.

— மூணுமா! அதையும் ஒட்டினீங்களா?

— ஒட்டினேன்.

— பைத்தியமா உங்களுக்கு? அந்தச் சுவரை ஒட்டின பீடத்துக்கு முன்னாடி நின்னு போன ஞாயித்துக்கிழமை ஒரு பச்சைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்! அதோட அம்மா என் பக்கத்துல நின்னா!

— தெரியும். நான்தான் தண்ணி ஊத்தி வெச்சேன். அது முடியற வரைக்கும் கூரையைப் பாத்துக்கிட்டே நின்னேன்.

— ஏன்? ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா கோயிலை மூடிருவீங்க. மூடினா கிழக்கு வரிசைக் கல்லறை எல்லாத்தையும் தோண்டி, வண்டியில ஏத்தி, பெரிய ரோட்டோரம் இருக்கற புது எடத்துக்குக் கொண்டுபோவாங்க. என் மாரென் அங்கதான் படுத்திருக்கா. ஆறு வருசம் ஆச்சு. கடல் சத்தம் கேக்கற எடமா பாத்து வைன்னு அவளே சொன்னா. என் கையால வெட்டின குழி. அதை இன்னொருத்தன் தோண்டறதை நான் நின்னு பாக்கணுமா?

— அதுக்காக உசிரோட இருக்கறவங்களை...

— தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன், நீங்களும் என்னைப் பாத்துப் பதில் சொல்லுங்க. ஜூலையில ஒரு எஞ்சினியர் படகுல வந்து பாறையைக் கீழேருந்து அளந்துட்டுப் போனாரே. எழுதி அனுப்பறேன்னாரு. என்ன எழுதினாரு?

— ...இன்னும் வரல.

— ரெண்டு மாசமாவா வரல?

— வந்தது.

— ம்.

— மூணு வாரம் முன்னாடி வந்தது. மேடையை உடனே மூடணும், கோயிலுக்குக் கிழக்கே யாரையும் விடக்கூடாது, மழை பெய்ஞ்சா உள்ளயும் விடக்கூடாதுன்னு எழுதியிருந்தார்.

— மூணு நாளா மழை பெய்யுது.

— தெரியும்! எனக்குத் தெரியாதா? செப்டம்பர் முடியட்டும், சீசன் முடியட்டும், அப்புறம் சபைக் கமிட்டிக்கு எடுத்துட்டுப் போகலாம்னு இருந்தேன். நான் வந்தப்ப ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு ஏழு பேர். அதுல நீங்க ஒருத்தர், ஆர்கன் வாசிக்கறவர் ஒருத்தர். பக்கத்து ஊர்ச் சபையோட சேர்த்துட்டு இதைப் பூட்டப்போறேன்னு பிஷப் என் முகத்துக்கு நேரா சொன்னார். இந்த மீனைப் பார்க்கவாவது ஜனங்க வந்தாங்களே, ஊர்ல நாலு பேர் கடை போட்டாங்களே! ஒரு கடிதத்தால அது எல்லாம்...

— அப்ப பைத்தியம் நான் மட்டும் இல்ல.

— இல்ல.

— கேட்டுச்சா?

— என்னது?

— பீடத்துக்குப் பின்னாடி. சரசரன்னு. மண்ணு வடியற சத்தம்.

— எலியா இருக்கும். எலின்னு சொல்லுங்க பெர்டெல், ப்ளீஸ்.

— எலி இல்லம்மா. வாங்க, கோபுரத்துக்குப் போயிருவோம். உள்ளேருந்தே ஏறிரலாம், அது மேக்கால தனி அஸ்திவாரத்துல நிக்குது, அடியும் கெட்டி. வெரசா! சுவரைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. படி பதினெட்டாவது கொஞ்சம் லூசு, அதுல மிதிக்காதீங்க.

— மேல போனா எப்படி இறங்கறது?

— எறங்கறது இருக்கட்டும். மணி மேலதானே இருக்கு.

— மணி கரண்ட்லதானே அடிக்கும்? அந்தச் சத்தத்தோட கரண்டும் போயிடுச்சே.

— கரண்ட் வர்றதுக்கு மின்னாடி இந்த ஊர்ல மணியே அடிக்கலயா? தலையைக் குனிங்க. அவ்வளவுதான், ஏறிட்டீங்க. மூச்சு வாங்கிக்குங்க.

— கயித்தைக் கொடுங்க, நான் இழுக்கறேன்.

— இழுக்கக்கூடாது! மணி ஆடினா கோபுரமும் சேந்து ஆடும். ஆட்டாம, நாக்கை மட்டும் கையால பிடிச்சு ஒரே பக்கமா அடிக்கணும். தீப்பிடிச்சா, கப்பல் தரை தட்டினா அப்படித்தான் அடிப்பாங்க. நான் ஒரே ஒரு தடவை அடிச்சிருக்கேன், தொண்ணூத்தியெட்டுல, மீன்படகு கவுந்தப்ப. ஊர்க்காரங்க காதுல விழுந்தா தெரிஞ்சுக்குவாங்க.

— பஸ்ல வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?

— அக்னெத்த இந்த ஊர்ப் பொண்ணுதானே. அவ அப்பன் அந்தப் படகுலதான் இருந்தான். காதைப் பொத்திக்குங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு...

— நிறுத்துங்க! ஏதோ நகர்ந்தது, கால்ல தெரியுது!

— நிறுத்தினாத்தான் ஆவத்து. நீங்க அந்தப் பலகை இடுக்கு வழியா ரோட்டைப் பாருங்க. நாலு... அஞ்சு...

— ஒண்ணும் தெரியல. கல்லறைத்தோட்டம் தெரியுது, வேலி தெரியுது. மேடை தெரியல, கூரை மறைக்குது.

— ரோட்டைப் பாருங்கன்னா! கிழக்கே ஏன் பாக்கறீங்க?

— பஸ்! பஸ் வருது! வெள்ளை பஸ். வளைவு திரும்பிடுச்சு. பெர்டெல், நிக்காம வருது!

— அடிக்கறேன், அடிக்கறேன். கை விட்டுப்போச்சு, நீங்களும் பிடிங்க. சேந்து அடிங்க. ஆட்டாதீங்க!

— நில்லு, நில்லு, நில்லு... நின்னுடுச்சு! பால் பண்ணைகிட்டயே நின்னுடுச்சு! கதவு திறக்குது. அக்னெத்த மட்டும் இறங்கறா. கையைக் காட்டி எல்லாரையும் உள்ளயே உக்காரச் சொல்றா. ஓடி வர்றா!

— அப்பாடா.

— அழறீங்களா?

— நீங்களுந்தான்.

— யாருக்கும் ஒண்ணும் ஆகல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். யாருக்கும் ஒண்ணும் ஆகல, பெர்டெல்.

— ஆகல. அப்ப... நான் ஒண்ணு சொல்லட்டுமா? யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னா யாரு கேக்கப்போறாங்க? கண்ணாடி ஒடைஞ்சது இன்னிக்குத்தான். மழையில. நான் பாத்தேன், ஓடிவந்து ஒங்ககிட்ட சொன்னேன். அவ்வளவுதான்.

— கடிதம்?

— என்ன கடிதம்? தபால்ல தொலையாததா? நான் எந்தக் கடிதத்தைப் பத்தியும் கேள்விப்படல.

— நான் பாதிரியார், பெர்டெல்.

— நான் கோயில்பிள்ளை. பாதிரியாரம்மா தலை உருண்டா என் தலையும் சேந்து உருளும். ஊரு நம்மளை என்ன சொல்லும்னு யோசிச்சீங்களா?

— ...சரி.

— சரியா?

— சரின்னேனே. உயிர்ச்சேதம் இல்ல. அதுக்கு மேல எதுக்கு. அதோ, அவ வந்துட்டா. நீங்களே பேசுங்க.

— அக்னெத்த! ஏ அக்னெத்த! அங்கயே நில்லு! கிட்ட வராதே!

— பெர்டெல் அண்ணே! நீங்களா மேல? என்ன ஆச்சு? தீயா?

— கதவு மாட்டிக்கிச்சு! தீயணைப்புக்குப் போன் பண்ணு! பின்பக்கம் யாரையும் விடாதே, மேடைப் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது!

— எந்த மேடைண்ணே? மேடை எங்க இருக்கு? ரோட்டுலேருந்தே பார்த்தேன். கோயில் சுவர் இருக்கு, அதுக்கப்புறம் வானந்தான் இருக்கு! கிழக்கு வரிசைக் கல்லறை அத்தனையும் போயிடுச்சு!

— ...அத்தனையுமா?

— பெர்டெல், உக்காருங்க. என் கையைப் பிடிச்சுக்கங்க. பிடிச்சுக்கங்க.

— மாரென்... ஏ மாரென்...

— அக்னெத்த, நான் எல்லினோர் பேசறேன்! பெர்டெலுக்கு ஒண்ணும் இல்ல, அழறார். பஸ்ல வந்தவங்க எல்லாரும் பத்திரமா? யாரும் இறங்கலயே?

— ஒருத்தரும் இறங்கல பாதிரியாரம்மா, மணிச் சத்தம் கேட்டதுமே டிரைவரை நிறுத்தச் சொல்லிட்டேன்! நேத்து ராத்திரியே வந்து விடுதியில தங்கின புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு மட்டும் ஒன்பது மணிக்கே நடந்து வந்துட்டாங்க, மேடையில நிக்கறோம், கோயில் திறந்ததும் உள்ள போயிடறோம்னு எனக்குப் போட்டோ அனுப்பினாங்க. இப்பக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாங்க. அவங்க உங்ககூட மேலதானே இருக்காங்க?