தலைப்பக்கம், கால்பக்கம்

எங்கள் போர்வைகளை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். மேல்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார்கள், "அழகா இருக்கே" என்பார்கள், மடித்துக் கட்டச் சொல்வார்கள். திருப்பிப் பார்க்க மாட்டார்கள். தைத்தவளின் லட்சணம் அடிப்பக்கத்தில்தான் தெரியும். நீங்கள் மட்டும் அன்றைக்குச் சந்தில் கிடந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள், மேடம். அப்போதே உங்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள். ஒரே படிக்கட்டு, ஒரே கதவு, பின்சந்தைப் பார்த்த ஒரே பெரிய ஜன்னல். சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கின் மொட்டைச் சுவர். ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. வெட்டு மேசை படிக்கட்டில் திரும்பாததால் கம்பியை அறுத்து ஜன்னல் வழியாக ஏற்றினோம். திரும்ப வைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அம்மா போனபோது என் தங்கைக்குத் தலைவாரிக்கொள்ளக்கூடத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அதற்காக யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை. அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அவளுக்கு அங்கங்கே நரை எட்டிப் பார்க்கிறது. எனக்கு இன்னும் பொடிசுதான்.

முதலில் எல்லோரையும் போலச் சதுரத் துண்டுகளை ஒட்டித்தான் போர்வை தைத்தோம். ஒரு மழைக்காலத்தில் தையல்கடைகளிலிருந்து வந்த கழிவெல்லாம் ஒல்லி ஒல்லிப் பட்டைகளாக இருந்தது. நான் கடைக்காரர்களை வைதுகொண்டிருந்தேன். பொடிசு அவற்றைக் கட்டிலில் பரப்பி, ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று கூடை முடைகிற மாதிரி கோத்துக்கொண்டே போனாள்.

"அக்கா, இங்க வந்து பாரேன்" என்றாள்.

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு சோதனை மேல் சோதனை. அகலப் பட்டை உப்பிக்கொண்டு நின்றது. மெல்லிய பட்டை எங்கள் உயிரை வாங்கியது. இழுபடுகிற துணி துவைத்ததும் தொங்கிப்போனது. கடைசியில் இரண்டு விரல் அகலம், ஓரத்தை உள்ளே மடித்து இஸ்திரி, பலகையில் குண்டூசி குத்தி முடைவது என்று ஒரு வழிக்கு வந்தோம். நாங்கள் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டுக் கீழே பட்டறைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நான் அவ்வளவு சந்தோஷமாக வேறு எப்போதும் இருந்ததில்லை.

நிறம் அவள், தையல் நான். ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குப் புரிய வேண்டும். கழிவுத் துணியில் போர்வை நீளத்துக்குப் பட்டை கிடைக்காது. துண்டுகளை இணைத்துத்தான் நீளம் வரும். நெடுக்கே போகிற பட்டையில் இருக்கிற அந்த இணைப்புக்கு இரட்டைத் தையல் போட்டு, குறுக்கே போகிற பட்டைக்கு அடியில் மறைத்துவிடுவேன். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளின் இணைப்புகள் ஒரே வரிசையில் வரக் கூடாது. செங்கல் அடுக்குகிற மாதிரி மாற்றி மாற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுக்க ஒரே கோட்டில் விழுந்து போர்வை அங்கே விட்டுப்போகும். இதெல்லாம் பொடிசுக்குத் தெரியாது. அவளும் வாங்க வருகிறவர்களைப் போல மேல்பக்கத்தை மட்டும் பார்க்கிறவள். தலைப்பக்கத்துக்கு அகலக் கரை, கால்பக்கத்துக்கு ஒல்லிக் கரை வைப்பது என் பழக்கம். அதைக்கூட அவள் கவனித்ததில்லை. கால்பக்கத்தை முகத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள்.

எங்களிடம் போர்வை வாங்குகிற கடைக்கார அம்மாவுக்கு வேறு ஊரில் பெரிய தையல்கூடம் இருக்கிறது. அங்கே வந்து நிறம் சேர்த்துக் கொடு, தங்க இடமும் தருகிறேன் என்று பொடிசிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீயும் வாயேன்க்கா."

"நான் வந்து என்ன பண்றது? உன் பொட்டியத் தூக்கிட்டுப் பின்னாடி நிக்கவா?"

"அப்ப மாசத்துக்கு ஒரு தடவ நான் வந்து உன்னப் பாத்துட்டுப் போறேன்."

"சரி, பாக்கலாம்" என்றேன்.

எனக்குப் பயமாக இருந்தது. ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் சண்டை போடவில்லை. எனக்குக் கத்தத் தெரியாது. அந்தச் சமயம் ஒரு பெரிய போர்வைக்கு நீலம் பற்றவில்லை. அவளுடைய நீலச் சுடிதார் கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்ததற்குப் பச்சை தேவைப்பட்டது. இப்படி வெளியே போட்டுக்கொண்டு போகிற உடுப்புகள் ஒவ்வொன்றாகச் செலவாகின. எதுவும் வீணாகவில்லை, எல்லாம் நல்ல போர்வைகளாகி நல்ல வீடுகளுக்குப் போயின. அவள் செருப்பைத் தைக்கக் கொடுத்தேன், திரும்ப வாங்க மறந்துபோனேன். போன் என் கையிலிருந்து தண்ணீரில் விழுந்தது. கதவைப் பூட்டியது திருட்டுப் பயத்தால். சாவியை என் இடுப்பில் வைத்துக்கொண்டதற்குக் காரணம், அவள் எதையும் தொலைத்துவிடுகிறவள்.

பட்டறைக்காரர் ஒருமுறை கேட்டார். "என்னம்மா, தங்கச்சியக் கண்ணுலயே காணோம்?"

"அவளுக்கு மனசு சரியில்லண்ணே. ஆளுங்களப் பாத்தாலே மிரள்றா. அடிக்கடி கதவப் போட்டுத் தட்டுறா."

"அடப்பாவமே" என்று உச்சுக் கொட்டினார். அதற்கப்புறம் மேலே என்ன சத்தம் கேட்டாலும் அவர் லேத்தை நிறுத்தியதில்லை. நல்ல மனுஷர். அடுத்தவர் குடும்பத்தில் தலையிட மாட்டார்.

ஒருநாள் பலகையில் முடைந்து வைத்திருந்ததில் பொடிசு தன் கடைசிச் சட்டையின் பட்டையைக் கண்டுபிடித்தாள். விரலால் அதை நெடுகத் தடவிக்கொண்டே போனாள். அழவில்லை.

"இதோட எல்லாம் தீந்துதாக்கா?"

"தீந்துது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கதவைத் தட்டவில்லை, வேலையைப் பற்றிப் பேசவில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டாள். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். பிறகு ஒருநாள் கேட்டாள்.

"அக்கா, எனக்குன்னு ஒரு போர்வ தச்சுக் குடேன். பஞ்சு வேணாம், ஒரே புழுக்கமா இருக்கு. நல்லா நீளமா இருக்கட்டும்."

"எவ்ளோ நீளம்?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

சொல்லும்போது அவள் கண் ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்பியது. வளர்த்தவளிடமா மறைக்க முடியும்? வீட்டில் இருந்த போர்வையெல்லாம் பஞ்சு அடைத்தவை, முடிச்சு நிற்காது. பஞ்சு இல்லாத போர்வையை முறுக்கலாம், கட்டலாம், பிடித்துக்கொண்டு இறங்கலாம்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே, கம்பியைத் திரும்ப வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கம்பி வைத்தால் அவள் என்னை வெறுப்பாள், மேடம். தானாக விழுந்து காலை உடைத்துக்கொண்டால் என் தோளைப் பிடித்துக்கொண்டுதானே நடக்க வேண்டும்?

தைத்தேன். அவளே ஆசையாக நிறம் எடுத்துக் கொடுத்தாள். நெடுக்குப் பட்டைகளின் இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தேன். இரட்டைத் தையலுக்குப் பதிலாக நூலோட்டம் விட்டேன். அளவு பார்ப்பதற்காகத் தற்காலிகமாகப் போடுவோமே, நுனியைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வருமே, அந்தத் தையல். அடித்துணிக்கு வெயிலில் நைந்த பழைய திரைச்சீலை. எல்லாவற்றையும் குறுக்குப் பட்டை மூடிக்கொண்டது. எங்கள் கையிலிருந்து வந்ததிலேயே அழகான போர்வை அதுதான்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்த வரிசையைக் கால்பக்கத்து ஓரமாகத்தான் வைத்தேன். தலைப்பக்கத்தை மேசைக்காலில் கட்டிக்கொண்டு இறங்கினால், பெரும்பகுதி இறங்கிய பிறகுதான் அவள் பாரம் அந்த இடத்துக்கு வரும். கணுக்கால் பிசகும், மிஞ்சிப்போனால் ஒரு எலும்பு. படியேறி இறங்க முடியாத அளவுக்கு இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

போர்வையை அவளிடம் கொடுத்த மறுநாள், கடைக்குச் சரக்குக் கொண்டுபோகிறேன், வர நேரமாகும் என்றேன்.

"மெதுவா வாக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த பஸ்களையெல்லாம் போகவிட்டேன். அவளுக்கும் நேரம் கொடுக்க வேண்டுமே.

நான் சந்துக்குள் போனபோது லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சிமென்ட் தரையில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். மேலே ஜன்னலில் ஒரு முழம் துணி தொங்கியது, அவளோடு கீழே விழுந்த துணியில் அகலக் கரை தெரிந்தது. கால்பக்கத்தை மேசையில் கட்டியிருக்கிறாள். உடம்பை வெளியே விட்டதுமே அந்த வரிசை உருவிக்கொண்டுவிட்டது. அகலக் கரை தலைக்கு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இதில் யார்மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்கிறார். என்னைப் பார்க்க மாட்டேன் என்று அவள் சொன்னாளாம். வலியில் சொல்லியிருப்பாள். அவளை ஏதோ காப்பகத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே யாருக்கு அவளைத் தெரியும்? சரி, நான் வருகிறவரைக்கும் இருக்கட்டும்.

செய்ததை ஒத்துக்கொள்கிறேன். அறுந்து விழ வேண்டும் என்றுதான் அந்தப் போர்வையைத் தைத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துவருவதற்கு முன்னால் அவளுக்காக இன்னொரு போர்வை முடித்துவிட்டேன், வெட்டு மேசைமேல் இருக்கிறது. இந்த முறை முழுக்க இரட்டைத் தையல், யார் இழுத்தாலும் விடாது. நான்கு மூலையிலும் இரண்டு பக்கத்திலும் கெட்டியான நாடா வைத்திருக்கிறேன். அவளுக்குப் போர்த்திவிட்டுக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். தூக்கத்தில் புரளுகிற பிள்ளை, விழுந்துவிடக் கூடாது. முடிச்சை மட்டும் கட்டிலுக்கு அடியில், அவள் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.